டீசல் இன்ஜின் ஏற்றிய பழைய பிக்கப்பை வீட்டில் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெட்ரோல் இன்ஜினோடு வந்த பிக்கப்பில் பிற்பாடு யாரோ டீசல் இன்ஜினை ஏற்றியிருந்தால், இன்ஜினுக்கு ஒரு கையேடு கிடைக்கும், வண்டிக்கு ஒரு கையேடு கிடைக்கும். இரண்டும் சேரும் இடத்துக்கு மட்டும் எந்தக் கையேடும் கிடையாது. அதைச் சேர்த்தவர் வண்டியை விற்றுவிட்டு எப்போதோ போயிருப்பார். இப்படி ஒரு வண்டியை வீட்டுக் கொட்டகையில் முழுசாகப் பிரித்துக் கட்டியவன் நான். இன்ஜினுக்குள் பட்ட பாட்டைவிட இந்தச் சேர்க்கை இடங்களில் பட்ட பாடுதான் அதிகம்.

முதல் தவறு, வண்டி வந்த அன்றே ஸ்பேனரைக் கையில் எடுப்பது. இரண்டு மூன்று மாலை நேரம் சும்மா பார்ப்பதற்கே ஒதுக்குங்கள். இன்ஜின் பிளேட், பிளாக்கில் வார்த்திருக்கும் எண், டீசல் பம்ப்பின் எண், செல்ஃப் மோட்டார் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பது வரை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு வயரிலும் ஹோஸிலும் பேப்பர் டேப் ஒட்டிப் பெயர் எழுதிய பிறகு படம் எடுங்கள். எந்த ஃபேன் பெல்ட், எந்த வண்டியின் ரேடியேட்டர் ஹோஸ் என்பதெல்லாம் அந்த நோட்டில் இருந்தால்தான் பின்னால் உதிரி வாங்க முடியும்.

இன்ஜின் எது என்று தெரியாமல் பாகம் வாங்கினால் கைக்காசு போகும் என்பதோடு விஷயம் முடிவதில்லை. பிக்கப்களில் அதிகம் ஏற்றப்படும் 5.9 லிட்டர் கம்மின்ஸ் 12 வால்வு இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். பிக்கப்புக்கென்று வந்தவற்றில் 1989 முதல் 1993 வரை ரோட்டரி பம்ப், 1994 முதல் 1998 வரை இன்லைன் பம்ப். இரண்டுக்கும் பொதுவாக ஒரு பலவீனம் உண்டு. டைமிங் கியர் ஹவுசிங்கை நேராக உட்கார வைக்கும் சின்ன இரும்பு டவல் பின், வருடக்கணக்கான அதிர்வில் மெல்ல வெளியே நகரும். அது கியர்களுக்கு நடுவில் விழுந்தால் ஹவுசிங் உடையும், சில சமயம் இன்ஜினே போகும். முன் கவர் கழற்றியிருக்கும்போது பக்கத்து போல்ட்டோடு சேர்த்து ஒரு சிறு தகட்டை வைத்து அந்தப் பின்னை அடைத்துவிடலாம், பத்து நிமிட வேலை. எந்த இன்ஜின் என்று தெரிந்தவர்தான் அதைச் செய்வார்.

அடுத்தது பிரேக். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். பெட்ரோல் இன்ஜினில் த்ராட்டில் தகடு காற்றை மறிப்பதால் மேனிஃபோல்டில், அதாவது காற்று உள்ளே போகும் குழாயில், வேக்குவம் உண்டாகிறது. கால் பலத்தைப் பெருக்கித் தரும் பிரேக் பூஸ்டர் அந்த வேக்குவத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது. பழைய டீசல்களில் பெரும்பாலும் அந்தத் தகடே இல்லை, அதனால் வேக்குவமும் இல்லை. என் வண்டியில் பெடல் கல் மாதிரி இருந்தது. பிரேக் பேட் தேய்ந்து வழவழத்துப் போயிருக்கும் என்று நினைத்துப் புதிதாக மாற்றினேன், மாற்றமே இல்லை. பிறகுதான் பூஸ்டரிலிருந்து வரும் ஹோஸைப் பின்தொடர்ந்து போனேன். அதன் முனையில் ஒரு போல்ட்டைச் செருகி, கிளிப் போட்டு இறுக்கி, மேலே கறுப்பு பெயின்ட்டும் அடித்திருந்தது. அத்தனை எடையுள்ள வண்டி, வெறும் கால் பலத்தில் இத்தனை காலம் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

உங்கள் வண்டியில் சோதிப்பது எளிது. இன்ஜின் நின்றிருக்கும்போது பெடலை நாலைந்து முறை மிதித்துக் கெட்டியாக்குங்கள். காலை எடுக்காமலே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டருக்கு வேக்குவம் வரவில்லை, அல்லது பூஸ்டரே போய்விட்டது. இன்ஜின் ஓட்டும் வேக்குவம் பம்ப் வைக்கலாம், இல்லையென்றால் பவர் ஸ்டீயரிங் பம்ப்பின் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ராலிக் பூஸ்டருக்கு மாறலாம். வேறு எது பாக்கி இருந்தாலும் சரி, இதை முடிக்காமல் வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள்.

எடை விஷயமும் இதோடு சேர்ந்தது. அந்த 5.9 லிட்டர் இன்ஜின் ஏறக்குறைய 500 கிலோ. அந்த இடத்தில் முன்பு இருந்த சிறிய வி8 பெட்ரோல் இன்ஜின் கிட்டத்தட்ட பாதி எடைதான் இருக்கும். முன் ஸ்பிரிங், பால் ஜாயின்ட், முன் பிரேக் எல்லாம் பழைய எடைக்குச் செய்தவை என்பதை மறந்து இன்ஜினுக்கு மட்டும் செலவு செய்கிறோம். இன்ஜின் ஸ்டாண்டும் அப்படித்தான். வீட்டில் வைத்திருக்கும் பல ஸ்டாண்டுகள் 340 கிலோ வரைதான் தாங்கும். கிரேனின் கையை நீட்ட நீட்ட அது தூக்கக்கூடிய எடை குறையும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி இழுக்கிறது, ஆனால் வேகம் போகவில்லை என்று பம்ப்பைத் திருகுகிறவர்கள் உண்டு. பம்ப் மேல் குற்றமில்லை. கணக்கைப் பாருங்கள்: 31 அங்குல டயர், 4.10 கிரௌன் பினியன் (பின் ஆக்சில் பல்சக்கரங்களின் விகிதம்), ஒன்றுக்கு ஒன்று சுற்றும் நேர் டாப் கியர். நிமிடத்துக்கு 2500 சுற்றில் வண்டி மணிக்கு 90 கிலோமீட்டர்தான் போகும். 3.54 கிரௌன் பினியன் போட்டால் அதே சுற்றில் 105 போகும். பெட்ரோல் இன்ஜின் 4500 சுற்று ஓடும் என்று வைத்த விகிதம், 2500 சுற்றோடு நிற்கும் டீசலுக்கு ஒத்துவராது.

சரி, இன்ஜினைப் பிரிக்கலாம். ஹெட்டைக் கழற்றியதும் பலர் கிரைண்டரில் சொரசொரப்பான டிஸ்க் மாட்டி பிளாக்கின் முகத்தைப் பளபளவென்று ஆக்குகிறார்கள். அந்த டிஸ்க்கிலிருந்து உதிரும் பொடி எண்ணெய் வழியில் இறங்கினால் புதிதாகப் போட்ட பேரிங்கை அரைத்துத் தின்றுவிடும். பிளேடால் பொறுமையாகச் சுரண்டுங்கள், நேர் பட்டையை வைத்து ஃபீலர் கேஜால் சமதளம் பாருங்கள். போல்ட் துளைகளில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருக்கக் கூடாது. திரவம் அமுங்காது, இறுக்கும்போது பிளாக்கே விரிசல் விடும்.

ஹெட் கேஸ்கெட்டைப் பழையதைப் பார்த்து அப்படியே வாங்காதீர்கள். பல டீசல் இன்ஜின்களுக்கு ஒரே கேஸ்கெட் இரண்டு மூன்று கனத்தில் வரும். ஓரத்தில் உள்ள வெட்டு அல்லது துளைகளின் எண்ணிக்கை எந்தக் கனம் என்று சொல்லும். பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது பிளாக்கைவிட எவ்வளவு துருத்துகிறது என்று டயல் கேஜ் வைத்து எல்லா சிலிண்டரிலும் அளந்து, கையேட்டில் உள்ளபடி கனத்தைத் தேர்ந்தெடுங்கள். பிளாக்கின் முகத்தைச் சீவியிருந்தால் பழைய கனம் பொருந்தாது. மெல்லியதைப் போட்டால் பிஸ்டன் ஹெட்டையே தட்டும்.

அப்புறம், டீசலைத் தெளிக்கும் நாசிலின் அடியில் வரும் செம்பு வாஷர். நாசிலைப் பிடுங்கும்போது பழைய வாஷர் சில சமயம் குழியின் அடியிலேயே ஒட்டிக்கொள்ளும். கரியோடு கரியாக இருப்பதால் கண்ணுக்கே தெரியாது. அதன்மேல் புதியதைப் போட்டால் நாசில் ஒரு வாஷர் கனம் மேலே உட்காரும், தெளிப்பு தவறான இடத்தில் விழும், புகை தள்ளும். என் வண்டியில் நாலாவது சிலிண்டரில் முன்பு யாரோ இதைத்தான் செய்திருந்தார்கள். டார்ச் அடித்துப் பார்த்தபோது குழியின் அடியில் இரண்டு வளையம் தெரிந்தது. எத்தனை சிலிண்டரோ அத்தனை பழைய வாஷர் மேசைக்கு வந்ததா என்று எண்ணிப் பாருங்கள்.

டீசல் லைனில் வரும் கோளாறு ஏமாற்றக்கூடியது. பம்ப் இழுக்கும் பக்கம் கசிந்தால் வெளியே ஒரு சொட்டும் வடியாது, காற்றுதான் உள்ளே போகும். இரவு நின்ற வண்டி காலையில் செல்ஃபை நீளமாகப் பிடித்தால்தான் எழும்பும். ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவில் ஒரு ஜாண் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் போட்டு ஓட விடுங்கள், குமிழ் ஓடினால் காரணம் கிடைத்துவிட்டது. பெட்ரோல் டேங்கை அப்படியே வைத்திருந்தால் ரிட்டர்ன் லைன் ஒழுங்காக டேங்குக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். துத்தநாகம் பூசிய டேங்க் டீசலுக்கு ஆகாது. இன்ஜினையும் சேசிஸையும் இணைக்கும் எர்த் பட்டையையும் பாருங்கள்: இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருப்பதால் பட்டை இல்லாவிட்டால் செல்ஃப் இழுக்கும் கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போய் அதைப் பொசுக்கும்.

உடம்புக்கு வரும் ஆபத்தை நேராகவே சொல்கிறேன். ஓடும் இன்ஜினில் நாசில் பைப் கசிவை விரலால் தடவிப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய அளவே தெரியும், ஆனால் கையையே இழக்க நேரலாம். வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போய், டீசல் ஏறிவிட்டது என்று சொல்லுங்கள். கசிவைப் பார்க்க ஒரு அட்டை போதும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் வெல்டிங் வைத்தால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும். ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடித்தால் வெடிக்கும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டீசலை நிறுத்திவைத்து, எண்ணெய் அழுத்தம் கேஜில் ஏறும்வரை செல்ஃப் அடியுங்கள். ஒரு தடவைக்கு 30 விநாடிக்கு மேல் வேண்டாம், நடுவில் இரண்டு நிமிடம் ஆற விடுங்கள். காற்று உறிஞ்சும் வாயை முழுக்க மூடக்கூடிய தட்டைப் பலகை ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். டர்போ சீல் போனாலோ டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பம்ப் ரேக் சிக்கினாலோ இன்ஜின் கட்டுக்கு அடங்காமல் ஏறும். தன் எண்ணெயையே எரிக்கிற இன்ஜின் சாவியைத் திருப்பினால் நிற்காது, காற்றை அடைத்தால்தான் நிற்கும். கையாலோ துணியாலோ அடைக்கப் பார்க்காதீர்கள், உள்ளே இழுத்துவிடும்.

ஓட ஆரம்பித்ததும் மணிக்கணக்கில் ஐடிலிங்கில் விடுவது இன்னொரு தவறு. சுமை இல்லாவிட்டால் ரிங் சிலிண்டரோடு பொருந்தாது, சிலிண்டர் சுவர் கண்ணாடிபோல் வழவழத்துப் போய் எண்ணெய் குடிக்கும். கசிவு பார்த்து முடித்ததும் சாலையில் எடுத்து, மிதமான சுமையோடு ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். முதல் எண்ணெயைச் சீக்கிரமே மாற்றுங்கள். அப்போது ஃபில்டரை வெட்டித் திறந்து காகித மடிப்புகளை வெயிலில் விரித்துப் பாருங்கள். ரிங் தேய்ந்த மெல்லிய இரும்புப் பொடி கொஞ்சம் இருக்கும், காந்தத்தில் ஒட்டும். காந்தத்தில் ஒட்டாமல் செம்பு நிறத்தில் மின்னினால் அது பேரிங். அன்றே இன்ஜின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பை இறக்குங்கள்.