நாய் காபித்தூளைத் தின்றுவிட்டால் முதலில் என்ன செய்வது?

கால்நடை மருத்துவமனையில் ஃபோன் எடுப்பது என் வேலை. "ரெண்டு வாய் காபி குடிச்சிடுச்சு, ஏதாவது ஆயிடுமா?" என்று பதறுபவர்களிடம் நான் முதலில் கேட்பது, நாய் எத்தனை கிலோ என்றுதான். பெரும்பாலும் பதில் வராது. அதனால் இன்றைக்கே எடை போட்டுவிடுங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஒரு முறை ஏறுங்கள், அப்புறம் தனியாக ஒரு முறை ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை மருத்துவரின் ஃபோன் நம்பருக்குப் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.

எடையை ஏன் கேட்கிறோம் என்றால், காபியில் இருக்கும் கஃபீன் என்ற பொருள் விஷயத்தில் கணக்கே கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்பதுதான். கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனால் வாந்தி, பேதி, ஓயாத தாகம், நிலைகொள்ளாத அலைச்சல் என்று ஆரம்பிக்கும். 40, 50-ஐத் தொட்டால் இதயத்துடிப்பு தாறுமாறாகும். 60-க்கு மேல் வலிப்பு வரும். இதய நோயுள்ள நாய்க்கு இதைவிடக் குறைந்த அளவே தொல்லை தரலாம்.

இதை வைத்துப் பார்த்தால், 30 கிலோ நாய் கோப்பையின் அடியை நக்கியதற்கு யாரும் அழ வேண்டியதில்லை. காபியில் சைலிடால் என்ற இனிப்பு கலந்திருந்ததா என்று மட்டும் பாருங்கள். அது நாய்க்குத் தனி விஷம். ஆனால் 5 கிலோ குட்டி நாய் தூள் பாக்கெட்டைக் கிழித்துவிட்டது என்றால் கதை வேறு. வறுத்த அராபிகா தூள் 10 கிராமில் சுமார் 120 மில்லிகிராம் கஃபீன் இருக்கிறது. ரொபஸ்டாவில் ஏறக்குறைய இரு மடங்கு. அராபிகாவே 30 கிராம் உள்ளே போயிருந்தால் கிலோவுக்கு 72 ஆகிவிடுகிறது. வடிகட்டிய பிறகு கொட்டும் சக்கையிலும் கஃபீன் மிச்சமிருக்கும். அதைச் செடிக்குப் போடுபவர்கள் கவனியுங்கள். தூக்கம் வராமலிருக்க விழுங்கும் மாத்திரை ஒன்றிலேயே 100 அல்லது 200 மில்லிகிராம் இருக்கும். என்னைக் கேட்டால், கோப்பையைவிடப் பயப்பட வேண்டியது குப்பைத்தொட்டிக்கும் கைப்பைக்கும்தான்.

உள்ளே நடப்பது இதுதான். அடினோசின் என்ற பொருள் நரம்புகளை அமைதிப்படுத்திக்கொண்டே இருக்கும். அது போய் உட்கார வேண்டிய இடத்தைக் கஃபீன் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் மூளையும் இதயமும் பிரேக் இல்லாத வண்டிதான். கஃபீன் நாயின் உடம்பில் நாள்கணக்கில் தங்கும் என்று சிலர் சொல்வார்கள். அது சாக்லேட்டில் அதிகமுள்ள தியோப்ரோமினின் குணம். அதில் பாதி வெளியேறவே 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கஃபீனுக்கு நாலரை மணி நேரம் போதும். ஆனால் கஃபீன் வேகக்காரன். அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அறிகுறி காட்டிவிடும்.

ஆகவே "நல்லாத்தானே ஓடுது, பார்ப்போம்" என்று காத்திருக்காதீர்கள். மருத்துவர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைக்க முடிவது அறிகுறி தெரிவதற்கு முன்புதான். நடுங்க ஆரம்பித்த நாயை வாந்தி எடுக்க வைத்தால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். நீங்களாக உப்புத் தண்ணீர் கொடுப்பது, தொண்டையில் விரல் விடுவது, இரண்டும் வேண்டவே வேண்டாம். உப்பே நாயைக் கொன்றுவிடலாம். பால் கொடுத்தால் முறிந்துவிடும் என்பதும் சும்மா.

வாயில் ஒட்டியிருப்பதைத் துடைத்துவிட்டு உடனே ஃபோன் செய்யுங்கள். எடை, தின்றது என்ன, பாக்கெட்டில் மிச்சம் எவ்வளவு, எத்தனை மணிக்கு. இவ்வளவு சொன்னால் போதும். நேரம் தெரியாவிட்டால், கடைசியாக அந்தப் பாக்கெட்டை முழுசாகப் பார்த்தது எப்போது என்று சொல்லுங்கள். கிழிந்த உறையையும் கையோடு எடுத்து வாருங்கள். தலைவலி மாத்திரை என்றால் உறை கட்டாயம் வேண்டும். சிலவற்றில் கஃபீனோடு பாராசிட்டமாலும் இருக்கும், அதுவும் நாய்க்கு ஆகாது.

கஃபீனுக்கு மாற்று மருந்து கிடையாது. வாந்தி, விஷத்தை உறிஞ்ச மருத்துவர் கொடுக்கும் கரித்தூள், டிரிப்ஸ், வலிப்பு வந்தால் டயஸிபாம், இதயத்துடிப்பை அடக்க மருந்து என்று, உடம்பு அதை வெளியேற்றும்வரை தாக்குப்பிடிக்க வைப்பதுதான் சிகிச்சை. சீக்கிரம் கொண்டுவந்த நாய்கள் பெரும்பாலும் நன்றாகவே தேறிவிடும்.

வீட்டுக்கு அனுப்பும்போது, அடிக்கடி சிறுநீர் கழிக்க வெளியே கூட்டிப்போகச் சொல்வோம். சிறுநீர்ப்பையில் தேங்கும் கஃபீன் திரும்பவும் ரத்தத்துக்குள் உறிஞ்சப்படும் என்பதுதான் காரணம். கரித்தூள் கொடுத்திருந்தால் மலம் கறுப்பாகத்தான் போகும், அதற்காக ஃபோன் செய்ய வேண்டாம். நடுக்கமோ மூச்சிரைப்போ திரும்ப வந்தால், நடுராத்திரியானாலும் கூப்பிடுங்கள்.