பாலிஃபீமஸின் குகைக்குள் வாசகரை அழைத்துச் செல்வது எப்படி?

ஒற்றைக் கண் அரக்கன் பாலிஃபீமஸ் மனிதர்களைத் தின்பவன். ஆனால் ஹோமரின் கிரேக்கக் காவியமான ஒடிசியில், 9ஆம் காண்டத்தில், அவன் மாலையில் குகைக்குத் திரும்பி வாயிலைக் கல்லால் அடைத்ததும் செய்கிற முதல் வேலை பால் கறப்பதுதான். ஒவ்வோர் ஆடாகக் கறக்கிறான், குட்டிகளைத் தாய்மடியில் விடுகிறான். பாதிப் பாலை உறைய வைத்துக் கூடைகளில் எடுத்து வைக்கிறான், மீதியை இரவு உணவுக்கு ஒதுக்குகிறான். இத்தனை ஒழுங்கான ஒருவன் சற்று நேரத்தில், குகைக்குள் வந்திருக்கும் காவிய நாயகன் ஒடிசியஸின் தோழர்கள் இருவரைத் தரையில் அறைந்து தின்னப்போகிறான் என்பதில்தான் உண்மையான பயம் இருக்கிறது. ஊடாடும் கதை, அதாவது வாசகரே தேர்வு செய்து நகர்த்தும் கதை, எழுதத் தொடங்குபவர்கள் பலர் அரக்கனின் படத்தைத் தேடி நாட்களைச் செலவிடுகிறார்கள். படம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அவனுக்கு அன்றாடம் ஒன்றைக் கொடுங்கள்.

கருவி

ட்வைன் போதும். கிறிஸ் கிளைமஸ் 2009இல் உருவாக்கிய இலவச மென்பொருள் இது. உலாவியிலேயே இயங்கும், கணினியில் இறக்கியும் வைத்துக்கொள்ளலாம். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கதையின் ஒவ்வொரு துண்டும் திரையில் ஒரு சிறு பெட்டியாகத் தெரியும். அதை ட்வைனில் பேசேஜ் என்கிறார்கள், நான் கட்டம் என்றே எழுதுகிறேன். கட்டத்தை இருமுறை சொடுக்கினால் எழுதும் இடம் திறக்கும். அதற்குள் இரட்டைச் சதுர அடைப்புக்குறி போட்டு ஒரு பெயரை எழுதினால் அதுவே இணைப்பு, அந்தப் பெயரில் புதிய கட்டமும் தானாக முளைக்கும். தமிழில் தட்டச்சு செய்யலாம், கட்டங்களின் பெயர்களும் தமிழிலேயே இருக்கலாம்.

முதலில் காகிதம்

ட்வைனைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் நான்கு கதவுகளை வரையுங்கள். ஒடிசியஸின் இடத்தில் இருக்கும் வாசகர் முடிவெடுக்க வேண்டிய இடங்கள் அவை. இந்தக் கதையில் அவற்றை நாம் கற்பனை செய்யத் தேவையில்லை, மூலத்திலேயே இருக்கின்றன.

ஒன்று, அரக்கன் வருவதற்கு முன்பே பாலாடைக் கட்டிகளையும் குட்டிகளையும் எடுத்துக்கொண்டு கப்பலுக்கு ஓடிவிடலாம் என்று தோழர்கள் கெஞ்சும்போது ஓடுவதா, காத்திருப்பதா? இரண்டு, தூங்குகிற அரக்கனை வாளால் குத்துவதா? மூன்று, பெயர் கேட்டால் என்ன சொல்வது? நான்கு, தப்பிக் கப்பலேறிய பிறகு பேசாமல் போவதா, கரையைப் பார்த்துத் தன் பெயரைக் கத்துவதா?

முதல் கதவில் ஓடிவிடும் வாசகருக்குச் சிறிய, நிம்மதியான முடிவு ஒன்றை மனமாரக் கொடுங்கள். காற்று, பாலாடைக் கட்டி, ஒருவர்கூடக் குறையாத பன்னிரண்டு தோழர்கள். அந்த முடிவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருபவருக்குக் குகை இன்னும் கனமாக இருக்கும்.

முதல் கட்டம்

முதல் கதவில் காத்திருந்த வாசகருக்குக் குகைக் காட்சியை இப்படித் தொடங்கலாம்:

*கல் உருண்டு வாயிலை அடைத்தது. அவன் உட்கார்ந்து ஒவ்வோர் ஆடாகக் கறந்தான். கறந்த ஆட்டின் கீழ் அதன் குட்டியை விட்டான். பாலை உறைய ஊற்றினான். எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் நெருப்பை மூட்டினான். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழுந்தது.*

*[[வணங்கிப் பேசு->விருந்தாளி]]*
*[[இருட்டில் ஒதுங்கு->விருந்தாளி]]*

அம்புக்குறிக்கு முன்னால் இருப்பது வாசகர் கண்ணில் படும் சொல், பின்னால் இருப்பது போய்ச் சேரும் கட்டம். இரண்டு இணைப்புகளும் ஒரே கட்டத்துக்குப் போகின்றன. எங்கே ஒதுங்கினாலும் அவன் பார்த்துவிட்டான் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறேன். ஒரு கதையில் இந்த உத்தியை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தாதீர்கள். தன் தேர்வுக்கு மதிப்பில்லை என்று தோன்றிவிட்டால் வாசகர் அடுத்த கட்டங்களைப் படிக்காமலே சொடுக்குவார்.

வாள்

இந்தக் கட்டத்துக்கு அதிக நேரம் கொடுங்கள். அரக்கன் உண்ட களைப்பில் ஆடுகளுக்கு நடுவே நீட்டிப் படுத்திருக்கிறான். ஒடிசியஸின் கை வாளுக்குப் போகிறது. ஹோமரில் அவன் கடைசி நொடியில் நிறுத்திக்கொள்கிறான், ஏனென்றால் வாயிலை அடைத்திருக்கும் பாறையை 22 வண்டிகள் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. குகைக்குள் அதை நகர்த்தக் கூடியவன் அரக்கன் ஒருவனே.

உங்கள் வாசகர் நிறுத்த வேண்டியதில்லை, குத்தட்டும். அதன் பின் ஒரே இணைப்பு கொண்ட குட்டிக் கட்டங்களாகத் தொடருங்கள். பாறையைத் தள்ளுகிறார்கள். அசையவில்லை. மறுபடி தள்ளுகிறார்கள். ஆடுகள் மேய்ச்சலுக்குக் கத்துகின்றன. நெருப்பு அணைகிறது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு சொடுக்கு. இந்த மெதுவான சாவை அச்சுப் புத்தகத்தில் வாசகரின் விரலால் நடத்த முடியாது, இங்கே முடியும். கடைசிக் கட்டத்தில் வாள் உறையில் இருந்த அந்த நொடிக்கே திரும்பும் வழி ஒன்று வையுங்கள்.

பெயர்

மது மயக்கத்தில் அரக்கன் பெயர் கேட்கிறான். ஒடிசியஸ் 'ஊடிஸ்' என்கிறான். கிரேக்கத்தில் அதற்கு யாருமில்லை என்று பொருள். தமிழில் இங்கே கவனம் தேவை. "யாருமில்லை என்னைக் கொல்கிறான்" என்று எழுதினால் வாக்கியம் தடுக்கி விழுகிறது. பிறகு கண் குத்தப்பட்டு அரக்கன் அலறும்போது, அண்டைக் குகைக்காரர்களை முதலில் கேட்க விடுங்கள். மூலத்திலும் அவர்கள்தான் கேட்கிறார்கள். "பாலிஃபீமஸ், உன்னை யார் கொல்கிறார்கள்?" உள்ளேயிருந்து பதில்: "யாருமில்லை!" அவர்கள் திரும்பிப் போய்விடுகிறார்கள். தந்திரம் தமிழுக்கென்றே செய்தது போல் உட்கார்ந்துகொள்கிறது.

உண்மைப் பெயரைச் சொன்ன வாசகருக்கு வேறு பாதை வேண்டும். மாறிகள் (வாசகரின் தேர்வை நினைவில் வைக்கும் குறிகள்) பழகாத நிலையில் எளிய வழி, இரண்டு தனித் தடங்களாகக் கட்டங்களைப் பிரிப்பதுதான். 'அலறல் - பெயர் தெரியும்', 'அலறல் - பெயர் தெரியாது' என்று பெயரிட்டால் குழம்பாது. முதல் தடத்தில் அண்டை அரக்கர்கள் பாறையை நகர்த்தி உள்ளே வருகிறார்கள். அந்தத் தடம் அங்கேயே முடியலாம்.

கண்ணைக் குத்தும் காட்சிக்குப் படம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பழுக்கக் காய்ச்சிய கோடாரியைக் கொல்லன் தண்ணீரில் அமிழ்த்தும்போது எழும் சீற்றத்தை ஹோமர் உவமையாகச் சொல்கிறார். அந்த ஒலியை எழுதினால் போதும்.

கடா

கதை முழுவதும் இந்தக் கட்டத்துக்காகத்தான். குகையிலிருந்து தப்புவதற்காக ஒடிசியஸ் பெரிய கடாவின் வயிற்றடியில் தொங்கிக்கொண்டிருக்கிறான். குருடனான அரக்கன் ஆடுகளின் முதுகைத் தடவித் தடவி வெளியே விடுகிறான். கடாவை நிறுத்துகிறான். எப்போதும் முதலில் போவாயே, இன்று ஏன் கடைசி, எசமானின் கண்ணுக்காக வருந்துகிறாயா என்று அதனிடம் கேட்கிறான்.

அந்தப் பேச்சை உங்கள் சொற்களில் எழுதி, கீழே ஒரே ஓர் இணைப்பு வையுங்கள்: *[[மூச்சை அடக்கு->வெளிச்சம்]]*. வேறு தேர்வு கொடுக்காதீர்கள். தோழர்களைத் தின்றவன் மேல் இரக்கம் கசிவதை வாசகர் தப்பிக்க வழியில்லாமல் உணர வேண்டும்.

நான்காம் கதவுக்கு அதிகம் எழுத வேண்டாம். பெயரைக் கத்தினால் பாலிஃபீமஸ் தன் தந்தையான கடல் தெய்வம் பொசைடனிடம் சாபம் கேட்பான். பேசாமல் போனால் துடுப்புகளின் ஓசை மட்டும்.

சேமிப்பும் சோதனையும்

உலாவியில் எழுதும் கதை அந்த உலாவிக்குள்தான் இருக்கும். ஒருமுறை உலாவியின் தரவுகளை அழித்தபோது இரண்டு வார உழைப்பு எனக்கு மொத்தமாகப் போய்விட்டது. எழுதி எழுந்திருக்கும் ஒவ்வொரு முறையும் பில்ட் பகுதியில் உள்ள பப்ளிஷ் டு ஃபைல் பொத்தானை அழுத்தி ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் ஒற்றைக் கோப்பை எந்த உலாவியிலும் திறந்து விளையாடலாம், மீண்டும் ட்வைனுக்குள் கொண்டுவந்து திருத்தவும் செய்யலாம்.

பிறகு அந்தக் கோப்பை ஒடிசி படிக்காத ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். வாளிடம் அவர் விரல் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காமல் தாண்டிப் போனால் அதற்கு முந்தைய கட்டத்தை, பாறையின் எடையைச் சொல்லும் வரியிலிருந்து, திரும்ப எழுதுங்கள்.