காட்டைக் காக்கும் ட்ரூயிட்: முதல் கேரக்டர் போடுவது எப்படி?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை உருட்டிக் கதை ஆடும் விளையாட்டில் ட்ரூயிட் (இயற்கையின் மந்திரம் போட்டு, விலங்காக மாறும் கேரக்டர்) எடுக்கப்போகிறேன் என்றால், "புதுசா ஆடறவங்களுக்கு அது சரிப்படாது, ஃபைட்டர் எடு" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். இங்கே நான் சொல்வது 2014 விதிப்புத்தகப்படி. பகடை உருட்டுவது, ஸ்பெல் ஸ்லாட் எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. முதலில் காடு

எண்களை அப்புறம் பார்க்கலாம். உங்கள் ட்ரூயிட் காப்பது எந்தக் காடு? பனிக்காடா, சதுப்புநிலமா? அங்கே என்னென்ன விலங்குகள், யாரால் ஆபத்து? நாலு வரி எழுதி டிஎம்மிடம் (ஆட்டத்தை நடத்துபவரிடம்) கொடுங்கள். இது வெறும் கதைக்காக இல்லை. ட்ரூயிட் தான் ஏற்கெனவே பார்த்த விலங்காக மட்டுமே மாற முடியும். பனிக்காட்டில் வளர்ந்தவர் திடீரென்று முதலையாக மாறினால் டிஎம் கேள்வி கேட்பார்.

2. எண்கள்

கேரக்டரின் ஆறு திறன்களுக்குப் பிரித்துப் போட வேண்டியவை: 15, 14, 13, 12, 10, 8. இதில் 15 விஸ்டமுக்கு (மந்திரத்துக்கான திறன்), 14 கான்ஸ்டிட்யூஷனுக்கு (உடல் உறுதி), 13 டெக்ஸ்டெரிட்டிக்கு (சுறுசுறுப்பு). இனம் வுட் எல்ஃப் என்றால் விஸ்டம் 16, டெக்ஸ்டெரிட்டி 15 ஆகிவிடும். உலோகக் கவசம் ட்ரூயிட் போடமாட்டார். தோல் கவசமும் மரக்கேடயமும் போதும், ஏசி (உங்கள்மேல் அடி விழ எதிரி எட்ட வேண்டிய எண்) 15.

3. மந்திரங்கள்

முதல் நிலையில் (லெவலில்) நாலு மந்திரம் தயார் செய்யலாம். என்டாங்கிள், குட்பெர்ரி, ஸ்பீக் வித் அனிமல்ஸ் மூன்றையும் விடாதீர்கள். நாலாவது உங்கள் இஷ்டம். வேட்டைக்காரர்களைக் கொல்லாமல் கொடிகளால் கட்டிப்போட என்டாங்கிளை விட்டால் வேறு வழி கிடையாது. கேன்ட்ரிப்பில் (ஸ்லாட் செலவில்லாத சின்ன மந்திரம்) ஷில்லேலா எடுத்தால் கைத்தடியால் விஸ்டம் வைத்தே அடிக்கலாம்.

4. வைல்ட் ஷேப்

விலங்காக மாறும் இந்தத் திறன் இரண்டாம் நிலையில் வரும். முக்கால்வாசிப் பேர் தடுமாறும் இடம் இது, நிதானமாகப் படியுங்கள்.

விலங்கின் எச்.பி. (உயிர்ப் புள்ளிகள்) தனிக் கணக்கு. இரண்டாம் நிலையில் உங்களுக்கு 17, ஓநாய்க்கு 11 என்று வையுங்கள். ஓநாயாக இருக்கும்போது ஒரே அடியில் 15 புள்ளி போனால், 11-ஐ ஓநாய் வாங்கிக்கொள்ளும், நீங்கள் சொந்த உருவுக்குத் திரும்புவீர்கள், மிச்சம் 4 உங்கள் 17-இல் கழியும். ஆக 13.

விலங்கு உருவில் புது மந்திரம் போட முடியாது. ஆனால் முன்பே போட்ட மந்திரத்தின் கான்சன்ட்ரேஷன் (மந்திரம் நீடிக்க வைத்திருக்க வேண்டிய கவனம்) கலையாது. அதனால் வரிசை முக்கியம்: முதல் சுற்றில் என்டாங்கிள், அடுத்த சுற்றில் ஓநாய். அடிபட்டால் மட்டும் கான்சன்ட்ரேஷன் நிற்கிறதா என்று உருட்ட வேண்டும். அப்போது ஓநாயின் கான்ஸ்டிட்யூஷன்தான் கணக்கு.

ஆந்தையாகப் பறக்க ஆசையா? எட்டாம் நிலை வரை பொறுக்கணும். நீந்தும் விலங்குகள் நாலாம் நிலையில். அதுவரை தரையில் ஓடுவதுதான். கரடியாக மாறியே தீருவேன் என்பவர்கள் ட்ரூயிட்டின் உட்பிரிவுகளான சர்க்கிள்களில் சர்க்கிள் ஆஃப் தி மூன் எடுங்கள். இரண்டாம் நிலையிலேயே 34 எச்.பி. உள்ள பழுப்புக் கரடி கிடைக்கும். எனக்கு சர்க்கிள் ஆஃப் தி லேண்ட்தான் பிடிக்கும். எல்லாச் சண்டையிலும் கரடி வந்து நின்றால் மற்றவர்களுக்குப் போரடிக்கிறது.

5. விலங்கு அட்டைகள்

ஆப் வேண்டாம். சண்டை நடுவில் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தால் மேசையே காத்திருக்கும். விலங்குக்கு ஓர் அட்டை: ஏசி, எச்.பி., வேகம், தாக்குதல். பென்சிலில் எழுதுங்கள், எச்.பி.-யை அழித்து அழித்து மாற்றுவீர்கள். ஆரம்பத்துக்கு மூன்று அட்டை தாராளம்.

பின்சேர்க்கை: "எங்க டிஎம் கணக்கே வேற சொல்றாரு" என்பவர்கள் பெரும்பாலும் 2024 விதிகளில் ஆடுகிறவர்கள். அதில் விலங்கானாலும் உங்கள் சொந்த எச்.பி.தான், கூடவே ட்ரூயிட் நிலை அளவுக்குத் தற்காலிக எச்.பி. கிடைக்கும். சர்க்கிள் தேர்வும் மூன்றாம் நிலைக்குத் தள்ளிப்போய்விட்டது. மேலே சொன்ன ஓநாய்க் கணக்கு அங்கே செல்லாது, எந்தப் பதிப்பு என்று கேட்டுவிட்டு அட்டை எழுதுங்கள்.