பூண்டைத் தட்டியதும் வாணலியில் போடாதீர்கள்

முழுப் பூண்டுப் பல்லை முகர்ந்து பாருங்கள். பெரிதாக ஒரு வாசனையும் வராது. அதையே ரசத்துக்குத் தட்டுவதுபோல் உரலில் போட்டு ஒரு தட்டு தட்டுங்கள், அடுத்த அறையில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும். நாம் பூண்டில் தேடும் நன்மையும் அந்த நேரத்தில்தான் பிறக்கிறது.

பல்லுக்குள் அல்லின் என்ற கந்தகச் சேர்மமும் அல்லினேஸ் என்ற நொதியும் தனித்தனியாக இருக்கின்றன. நசுங்கும்போது இரண்டும் சேர்ந்து அல்லிசின் உருவாகிறது. 1944-இல் பிரித்தெடுக்கப்பட்ட இந்தப் பொருளுக்குப் பாக்டீரியாவை அடக்கும் ஆற்றல் உண்டு. ஆனால் நொதிக்குச் சூடு ஆகாது. தட்டிய கையோடு காயும் எண்ணெயில் போட்டால் அது வேலையைத் தொடங்கும் முன்பே செத்துவிடும். எலிகளை வைத்து நடந்து 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், மைக்ரோவேவில் 60 நொடி சூடாக்கியதுமே பூண்டின் புற்றுநோய்க்கு எதிராகப் பாதுகாக்கும் தன்மை போய்விட்டது. நசுக்கி 10 நிமிடம் வைத்திருந்து சூடாக்கியபோது அதில் ஒரு பகுதி தங்கியது.

அதனால் சமையலுக்கு நுழைந்ததும் முதல் வேலையாகப் பூண்டைத் தட்டி வையுங்கள். அப்புறம் வெங்காயம் நறுக்குங்கள், புளி கரையுங்கள். பத்து நிமிடம் தானே ஓடிவிடும். நசுக்கியவுடன் எலுமிச்சைச் சாறு பிழிவதும் வேண்டாம், கடும் புளிப்பிலும் அந்த நொதி முடங்கிவிடும். புளிக்குழம்பில் முழுசாக வெந்த பூண்டு வெண்ணெய் மாதிரி கரையும், அந்த ருசிக்காகவே சாப்பிடலாம். அதில் அல்லிசினை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

எனக்கு உண்மையிலேயே பயம் தரும் தவறு வேறு. உரித்த பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு, பாட்டிலை அடுப்புப் பக்கத்திலேயே வாரக்கணக்கில் வைப்பது. மண்ணிலிருந்து பூண்டோடு வரும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள், காற்றுப் புகாத எண்ணெய்க்குள் வளர்ந்து நச்சைச் சுரக்கும். நரம்புகளைச் செயலிழக்க வைத்து, மூச்சையே நிறுத்தக்கூடிய நச்சு அது. கெட்டுப்போனது வாசனையில் தெரியவேண்டும் என்பதுமில்லை. 1985-இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில், குளிர்பெட்டியில் வைக்காத எண்ணெய்ப் பூண்டால் 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். வீட்டில் செய்தால் குளிர்பெட்டியில் வைத்து நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மிஞ்சினால் கொட்டிவிடுங்கள், பாவம் பார்க்காதீர்கள்.

இஞ்சி பூண்டு விழுது பச்சையாகவோ நீலமாகவோ மாறினால் பதற வேண்டாம். கந்தகச் சேர்மங்கள் செய்யும் நிற மாற்றம் அது, நஞ்சு இல்லை. முளைவிட்ட பூண்டும் சாப்பிடலாம், கொஞ்சம் கசக்கும், அவ்வளவுதான்.

பூண்டு ரத்த அழுத்தத்தைச் சற்றுக் குறைப்பதாகச் சொல்லும் ஆய்வுகள் பெரும்பாலும் பூண்டு மாத்திரை, பொடி, சாறு ஆகியவற்றை வைத்துச் செய்யப்பட்டவை. தாளிப்பில் போடும் நாலு பல்லை நம்பி யாரும் பிரஷர் மாத்திரையை நிறுத்தக்கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவர்களும், அறுவைசிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்களும், தினமும் வெறும் வயிற்றில் பச்சைப் பூண்டு விழுங்குகிறீர்களா என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அது ரத்தக்கசிவைக் கூட்டக்கூடும். குழந்தையின் தோலில் பூண்டை அரைத்துக் கட்டுவதையும் விட்டுவிடுங்கள். தீப்பட்டதுபோல் கொப்புளித்துவிடும்.