பிரெண்டர்காஸ்ட் பாணியில் பூங்காக் கூட்டத்தை வரைய: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருப்பவர்களுக்கு

அமெரிக்க ஓவியர் மாரிஸ் பிரெண்டர்காஸ்ட் 1914-15 வாக்கில் வரைந்த ‘சென்ட்ரல் பார்க்’ என்ற எண்ணெய் வண்ணப் படம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரஷ்ஷை எடுப்பதற்கு முன் அவர்கள் இணையதளத்தில் அதைப் பெரிதாக்கி நன்றாகப் பாருங்கள். முகங்களில் கண்ணும் மூக்கும் தேடினால் கிடைக்காது, ஆனால் தொப்பி சாய்ந்திருப்பதையும் முதுகு வளைந்திருப்பதையும் வைத்தே யார் ஓய்வாக உட்கார்ந்திருக்கிறார், யார் வேடிக்கை பார்க்கிறார் என்று புரிந்துவிடும். பெஞ்சில் இருப்பவர்கள், குதிரையில் போகிறவர்கள், மரங்கள் என்று எல்லாமே கிடைமட்டமான அடுக்குகளாக ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கும். இந்த அடுக்கைத்தான் நாம் கற்றுக்கொள்ளப் போகிறோம்.

அவர் 1858இல் நியூஃபவுண்ட்லாந்தில் பிறந்து பாஸ்டனில் வளர்ந்தவர், 1890களில் பாரிஸில் படித்தவர், பிரெஞ்சு ஓவியர் செசானை அமெரிக்காவில் ரொம்ப முன்னாலேயே ரசித்தவர்களில் ஒருவர்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் டர்பன் பொட்டானிக் கார்டன்ஸ் ஏரிப் பக்கம் போங்கள். பாதை உங்களுக்கு நேரே நீண்டு ஓடாமல் இடமிருந்து வலமாகக் குறுக்கே போகிற மாதிரி இடம் பிடியுங்கள், அப்போதுதான் புல், பாதை, தண்ணீர், மரம் என்று நாலு பட்டைகள் தானாகவே கிடைக்கும். முதலில் எண்ணெய் வண்ணம் வேண்டாம், வாட்டர்கலர் போதும், அவருடைய பூங்காப் படங்களில் பலவும் அதில்தான் இருக்கின்றன. தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனத்தில் இருக்கட்டும், மெல்லியது நெளிந்துவிடும். கோடைக்கால ஈரக்காற்றில் வண்ணம் காயவே காயாது, ஒன்றோடொன்று ஓடிக் கலங்கிவிடும், அதனால் இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் தொடங்குவது நல்லது.

பென்சிலில் பட்டைகளை மட்டும் லேசாகக் கோடிடுங்கள். ஆட்களை நேரடியாகப் பிரஷ்ஷிலேயே வையுங்கள். மாம்பழ நிறப் புடவையில் ஓர் ஆன்ட்டி உட்கார்ந்திருக்கிறார் என்றால், தலைக்கு ஒரு பழுப்புப் புள்ளி, உடம்புக்கு ஒரே இழுப்பில் மஞ்சள், அது காய்ந்ததும் மடிக்குக் கீழே நிழலாகக் கொஞ்சம் ஊதா, அவ்வளவுதான். இரண்டு வண்ணத் திட்டுகளுக்கு நடுவே நூல் அளவு வெள்ளைத் தாளை விடுங்கள், படத்துக்கு உயிரே அந்த இடைவெளிதான், அதை நிரப்பிவிட்டால் எல்லாம் சேறாகிவிடும். கறுப்பைத் தொடவே வேண்டாம். நம்ம ஊர்ப் பச்சை கனமானது, ட்யூபிலிருந்து அப்படியே பூசினால் ஆட்களை விழுங்கிவிடும். மஞ்சள் கலந்து, பக்கத்தில் ஒரு சிவப்புச் சட்டையையோ பலூனையோ வையுங்கள்.

யாரைப் படத்தில் வைப்பது என்பதையும் யோசியுங்கள், எனக்கு இது முக்கியம். நியூயார்க்கில் சென்ட்ரல் பார்க் என்ற பூங்கா உருவாவதற்காக, கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த செனிகா கிராமத்தை 1857இல் காலி செய்தார்கள், அந்தக் காலத்துப் பூங்காப் படங்களைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. இங்கேயும், பொது இடங்களை இனவாரியாகப் பிரித்த தனி வசதிச் சட்டம் 1953இல் வந்து 1990 வரை ஓயவில்லை. எந்த பெஞ்சில் யார் உட்காரலாம் என்பதைப் பலகை சொன்ன காலத்தைப் பார்த்த ஆயாக்கள் (பாட்டிகள்) இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அதனால் முன்வரிசை பெஞ்சை அவர்களுக்குக் கொடுங்கள், இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்திலிருந்து வந்த குடும்பத்தையும் பக்கத்தில் பிக்னிக் விரிப்பு போட்டிருக்கும் ஜூலு குடும்பத்தையும் ஒரே பட்டையில் சேர்த்து வையுங்கள், யாரையும் பின்னால் தள்ளிச் சிறிதாக்காதீர்கள்.

பாதி முடிந்ததும் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். ஒரே இடத்தில் மட்டும் அடர்த்தி இருந்தால் எதிர்மூலையில் அதே நிறத்தில் இரண்டு திட்டு வையுங்கள். அப்புறம் முகத்தில் கண் வரையக் கை துறுதுறுக்கும். அந்த நிமிடமே பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு அடுத்த தாளை எடுங்கள்.