வேலி இல்லாத காட்டில் டென்ட் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு ஊரில் உட்கார்ந்து புக்கிங் செய்யும்போதே நடந்துவிடுகிறது. கேம்ப்சைட் என்றால் சுற்றி வேலி இருக்கும், வாசலில் ஒருத்தர் காவலுக்கு நிற்பார் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் பெரிய முகாம்களுக்கு வேலி உண்டு. நமீபியாவின் எட்டோஷாவில் ஒகாகுயேயோ, ஹலாலி, நமுடோனி முகாம்களுக்கும் உண்டு. அங்கே நாலு நாள் நிம்மதியாகத் தங்கிவிட்டு அதே பழக்கத்தோடு போட்ஸ்வானாவுக்குள் நுழைவதுதான் ஆபத்து. மொரேமி, சவுட்டி, இஹாஹா, ஜிம்பாப்வே பக்கம் மானா பூல்ஸ், இங்கெல்லாம் முகாம் என்பது மரத்தடியில் ஒரு எண் பலகை, சாம்பல் படிந்த அடுப்புக் குழி, கொஞ்சம் தள்ளி ஒரு குளியலறை, அவ்வளவுதான். சவுட்டியில் அந்தக் குளியலறையைச் சுற்றி யானை இடித்தாலும் விழாத மாதிரி கனமான சுவர் எழுப்பியிருக்கிறார்கள், தண்ணீர் வாசனைக்கு யானைகள் வந்து குழாயைப் பிடுங்கிவிடும் என்பதால். கட்டிடத்துக்கே இந்தப் பாடு என்றால் நம் டென்ட் எம்மாத்திரம்.

அடுத்தது, நேரம். மவுன் ஊரிலிருந்து மொரேமிக்குள் இருக்கிற தேர்ட் பிரிட்ஜ் முகாம் சுமார் 150 கிலோமீட்டர்தான், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் போதும் என்று தோன்றும். போதாது. பாதிக்கு மேல் மணலும் குழியும், பூங்காவுக்குள் வேக வரம்பு மணிக்கு 40 கி.மீ., நடுவில் யானைக் கூட்டம் பாதையில் நின்றுவிட்டால் அது நகர்கிற வரை நாமும் நகர முடியாது. ஜூன், ஜூலையில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் விழுந்து, அந்தி என்று ஒன்று இல்லாத மாதிரி சட்டென்று இருட்டிவிடும். இருட்டில் போய் இறங்குகிறவருக்குத் தான் எதன் மேல் டென்ட் போடுகிறோம் என்று தெரியாது. நாலு மணிக்குள் போய்ச் சேருங்கள். சேர்ந்ததும் வண்டியை விட்டு இறங்குவதற்கு முன் ஒருமுறை மெதுவாகச் சுற்றி ஓட்டி, புதர்ப் பக்கம் எல்லாம் பாருங்கள். அப்புறம் தரையைப் பாருங்கள். நீர்யானை தினமும் நடக்கிற தடம் மாட்டுவண்டித் தடம் மாதிரி இரண்டு கோடாக, நடுவில் புல் மேடு விட்டு இருக்கும். யானைத் தடம் அகலமாக, பெருக்கி விட்டது போல வழுவழுவென்று இருக்கும். இந்த இரண்டின் மேலும் டென்ட் போடக் கூடாது, தண்ணீர்க் கரையை ஒட்டியும் கூடாது. காய் உதிரும் மரத்தடியும் வேண்டாம். மானா பூல்ஸில் ஆனா மரம் என்று ஒன்று, அதன் சுருண்ட காய்க்காக யானைகள் ராத்திரி பகல் பார்க்காமல் வரும். வறண்ட பக்கங்களில் ஒட்டக முள் மரத்தின் காய்க்கும் அதே கதை. அந்த நிழல் எவ்வளவு அருமையாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் நடக்கிற தவறுகளைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நாம் செய்கிற தப்புக்கு நாம் மட்டும் விலை கொடுப்பதில்லை. போட்ஸ்வானாவின் க்வாய் பகுதியில் எங்களுக்கு அடுத்த இடத்தில் தங்கியிருந்தவர்கள் ஐஸ்பெட்டியை மேஜைக்கடியில் வைத்துவிட்டு, மூடி இறுக்கமாகத்தானே இருக்கிறது என்று தூங்கப் போய்விட்டார்கள். காலையில் அது நூறடி தள்ளிப் புதருக்குள் கிடந்தது. மூடியின் ஓரத்தில் பல் இறங்கிய ஓட்டைகள், ஒன்றில் என் சுண்டுவிரல் உள்ளே போனது. கழுதைப்புலியின் வேலை. ராத்திரி ஒரு சத்தம்கூட எங்களுக்குக் கேட்கவில்லை. கழுதைப்புலிக்கு இறைச்சிதான் வேண்டும் என்றில்லை. வெளியே விட்ட செருப்பு, தோல் பெல்ட், எண்ணெய் பிசுக்கு ஒட்டிய கிரில் கம்பி, பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச், எதையும் தூக்கிக்கொண்டு போகும். ஆகவே இருட்டுவதற்குள் சமைத்து, சாப்பிட்டு, கழுவி, குப்பைப் பை உட்பட எல்லாவற்றையும் பூட்டிய வண்டிக்குள் வைத்துவிட வேண்டும். மீன் பொரித்த எண்ணெயை, கறி கழுவிய தண்ணீரை டென்ட் பக்கம் ஊற்றவே கூடாது. டென்டுக்குள் பிஸ்கட் பாக்கெட், பற்பசை, வாசனை சோப்புகூட வேண்டாம்.

பழம் தனிக் கதை. வண்டிக்குள் பூட்டினால் கழுதைப்புலியிடமிருந்து எதுவும் தப்பும், யானையிடமிருந்து ஆரஞ்சு தப்பாது. அதற்கு அந்த வாசனை மூடிய கதவைத் தாண்டியும் தெரியும், கதவு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மானா பூல்ஸுக்குள் பழம் கொண்டுவரக் கூடாது என்று விதியே இருப்பது இதனால்தான். ஆரஞ்சு, மாம்பழம், தர்பூசணி எல்லாவற்றையும் பூங்கா வாசலுக்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். பகலில் பபூன் குரங்குகளைக் கவனியுங்கள். டென்ட் ஜிப்பைத் திறக்க அவற்றுக்குத் தெரியும், திறக்க வராவிட்டால் கிழிக்கும். விலங்கு பார்க்க வண்டியில் கிளம்பும்போது டென்டைச் சரித்துத் தரையோடு படுக்கப்போட்டுவிட்டுப் போவது நல்ல பழக்கம்.

ஒரு தடவை மனிதரிடம் சாப்பாடு கிடைத்த விலங்கு மறுநாளும் வரும், அடுத்த வாரமும் வரும், கொஞ்சம் கொஞ்சமாகப் பயம் விட்டுப்போகும். கடைசியில் அது யாரையாவது தாக்கும், அல்லது தாக்கிவிடும் என்று அதிகாரிகளே சுட்டுவிடுவார்கள். நாம் ஆசையாகப் போட்ட ஒரு ரொட்டித் துண்டு அந்த விலங்குக்குச் சாவாக முடிகிறது. இதை நினைத்தாலே எனக்கு மனது தாங்காது. தயவுசெய்து எதற்கும் எதுவும் கொடுக்காதீர்கள்.

நெருப்பு எரிந்தால் மிருகம் கிட்டே வராது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு நம்பியிருக்கிறோம். அப்படி இல்லை. கழுதைப்புலி நெருப்புக்கு இருபதடி தள்ளி நின்று நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும், சிங்கமும் ஓரமாக நடந்து போகும். நெருப்பு வெளிச்சத்துக்கும் குளிருக்கும்தான். எல்லோரும் நெருப்பையே பார்த்து உட்கார்ந்தால் முதுகுப் பக்கம் யாரும் பார்ப்பதில்லை, அதோடு கண்ணும் வெளிச்சத்துக்குப் பழகி இருட்டில் ஒன்றும் தெரியாது. முதுகை வண்டிக்குக் கொடுத்து உட்காருங்கள், வண்டிக் கதவு பூட்டாமல் இருக்கட்டும், சில நிமிடத்துக்கு ஒருமுறை நல்ல டார்ச்சைக் கண் மட்டத்தில் பிடித்து ஒரு வட்டம் அடியுங்கள். கண்கள் மின்னினால் தெரிந்துவிடும். தரையோடு சின்னப் பொட்டாக மின்னுவது சிலந்தியாக இருக்கும், பயப்பட வேண்டாம். இரண்டு கண்ணும் முன்னோக்கி நம்மையே பார்த்தால் பேச்சை நிறுத்தாமல் எல்லோரும் சேர்ந்து மெதுவாக வண்டிக்குள் போய்விடுங்கள். ஓடக் கூடாது. சிங்கத்துக்கு முன்னால் ஓடுவது அதைத் துரத்தக் கூப்பிடுவது மாதிரி.

குழந்தைகள் இருந்தால் இருட்டிய பிறகு கைக்கெட்டும் தூரத்தைத் தாண்டவே விடாதீர்கள். சிறுத்தைக்கும் கழுதைப்புலிக்கும் சின்ன உருவம் என்றால் இரை என்ற கணக்கு. பிள்ளைகளைத் தனி டென்டில் படுக்க வைப்பதும் கூடாது.

ராத்திரி ஒண்ணுக்குப் போகக் குளியலறை வரைக்கும் நடப்பது, இதைச் செய்யாதவர்கள் குறைவு. தேர்ட் பிரிட்ஜில் ஒரு ராத்திரி இரண்டு மணி இருக்கும், டென்டுக்கு வெளியே கத்தையாகப் புல்லைப் பிடுங்குகிற சத்தம் கேட்டு விழித்தேன். பிடுங்குகிறது, மெல்லுகிறது, ஒரு பெருமூச்சு, மறுபடி பிடுங்குகிறது. வலை ஜன்னல் வழியாகப் பார்த்தால் நிலா வெளிச்சத்தில் பாறை மாதிரி ஒரு முதுகு, ஆறேழு அடி தூரம்கூட இல்லை. நீர்யானை. ராத்திரி முழுக்கக் கரையேறி 40 கிலோ வரை புல் மேய்ந்துவிட்டு விடிவதற்குள் தண்ணீருக்குத் திரும்பும். ஒன்றரை டன் எடையோடு மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஓடக்கூடியது. அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் யார் நின்றாலும் மிதித்துக்கொண்டுதான் போகும். அது நகர்ந்து போக முக்கால் மணி நேரம் ஆனது, அவ்வளவு நேரமும் நான் புரண்டுகூடப் படுக்கவில்லை. அகல வாய் பாட்டில் ஒன்றையோ மூடி போட்ட வாளியையோ டென்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வண்டிக் கூரை மேல் டென்ட் போட்டவர்களும் கவனம், நீங்கள் மேலே இருக்கிறவரைதான் பத்திரம், ஏணியில் இறங்கியதும் எல்லோரும் ஒன்றுதான்.

சிங்கமும் கழுதைப்புலியும் மூடிய டென்டை ஒரு புதர் மாதிரி, கல் மாதிரி பார்த்துவிட்டுப் போய்விடும். ஆனால் மூடியிருக்க வேண்டும். அக்டோபர் புழுக்கத்தில் காற்று வரட்டும் என்று வாசலைத் திறந்து வைத்துத் தூங்குவது உயிரோடு விளையாடுவது. வலை ஜிப் எல்லாம் முழுக்க மூடி, சுவரை ஒட்டாமல் நடுவில் படுங்கள். வண்டிச் சாவி தலைமாட்டில் இருக்கட்டும், நிலைமை மோசமானால் ஹாரன் உதவும்.

யானை விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு தனி அபாயம் இருக்கிறது. கோயில் யானையிடம் தலையைக் காட்டி ஆசீர்வாதம் வாங்கி வளர்ந்தவர்கள் நாம், யானையைப் பார்த்தால் பயத்துக்கு முன் பாசம் வந்துவிடும். இரண்டடி கிட்டே போய் போட்டோ எடுக்கத் தோன்றும். அதோடு, கன்னத்தில் நீர் வழிந்தால் மதம் என்ற நம் ஊர்க் கணக்கும் அங்கே செல்லாது, ஆப்பிரிக்க யானைகளில் பெண்ணுக்கும் பரபரப்பில் கன்னத்தில் நீர் வழியும். ஆணுக்கு மதம் என்றால் மூத்திரம் விடாமல் சொட்டிப் பின்னங்கால் நனைந்திருக்கும், நாற்றம் தூரத்திலேயே வரும். அப்படி ஒன்றைப் பார்த்தால் வண்டியைப் பின்னுக்கு எடுங்கள். காதை விரித்துப் பிளிறிக்கொண்டு வருவது பெரும்பாலும் மிரட்டல், காதை ஒட்டித் துதிக்கையைச் சுருட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வருவது நிஜம். ஆனால் எது எதுவென்று நின்று சோதித்துப் பார்க்கிற விஷயமல்ல இது. குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் வண்டி போய்விடக் கூடாது. முகாமுக்குள்ளேயே யானை வந்தால் சமையலை அப்படியே விட்டுவிட்டு, சத்தம் போடாமல், வண்டிக்கு மறுபக்கம் நகர்ந்துவிடுங்கள். டென்டுக்கு நடுவில் கயிற்றில் கால் படாமல் அது நடந்து போவதைப் பார்த்தால் கண்ணில் தண்ணீர் வரும்.

தண்ணீர் தெளிவாக ஓடுகிறதே என்று தேர்ட் பிரிட்ஜ் பாலத்தடியில் கால் நனைக்கவும் கூடாது, பாத்திரம் கழுவவும் கூடாது, முதலை இருக்கிறது. விறகுக் குவியலுக்குள் கையை விட்டு எடுக்காமல் காலால் உருட்டிவிட்டு எடுங்கள். முன்பக்கக் கவ்விகள் மெலிந்து வால் தடித்த தேள்தான் அங்கே விஷம் அதிகமுள்ளது. பஃப் ஆடர் என்கிற விரியன் நடைபாதையிலேயே அசையாமல் கிடக்கும், அதனால் இருட்டில் ரப்பர் செருப்போடு நடக்க வேண்டாம். மலேரியா மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே டாக்டரைக் கேட்டு ஆரம்பியுங்கள், ஊர் திரும்பிச் சில மாதம் வரைக்கும் காய்ச்சல் வந்தால் எங்கே போயிருந்தோம் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காலையில் விடிந்தும் விடியாமலும் ஜிப்பைத் திறந்துகொண்டு வெளியே குதிக்காதீர்கள், நீர்யானைகள் திரும்புகிற நேரம் அது. நாலு பக்கமும் பார்த்து, வண்டிக்கடியில் குனிந்து பார்த்து, அப்புறம் இறங்குங்கள். கிளம்பும்போது நெருப்பில் தண்ணீர் ஊற்றிக் கிளறி அணைத்துவிட்டு, கோழி எலும்பு, வெங்காயத் தோல் உட்பட எல்லாவற்றையும் பொறுக்கி வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். சாயங்காலம் அதே மரத்தடியில் இன்னொரு குடும்பம் வந்து இறங்கும்.