கோள் கடப்பை மாடியிலிருந்து அளப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியாழன் அளவுள்ள ஒரு கோள், சூரியன் அளவுள்ள தன் விண்மீனின் குறுக்கே கடந்தால் வெளிச்சம் நூற்றில் ஒரு பங்கு குறையும். மொட்டைமாடியில் அந்த நூற்றில் ஒரு பங்கைக் குறைப்பதற்குக் கோளே வேண்டியதில்லை. லென்ஸில் படியும் பனி போதும், சென்சாரில் ஒட்டிய ஒரு தூசி போதும், நடு இரவில் தொலைநோக்கியைத் திருப்பிப் போட்டாலும் போதும். எனவே இந்த வேலையில் நேரும் தவறுகளில் ஒரு பகுதி, ஒளி வரைபடத்தில் இல்லாத குழியை (வெளிச்சக் குறைவை) உண்டாக்கும். மறுபகுதி, உண்மையான குழியிலிருந்து தப்பான கோளைப் படிக்க வைக்கும். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்து மாடிகளில் 15 முதல் 20 செ.மீ. தொலைநோக்கியும் குளிரூட்டிய கறுப்பு வெள்ளை கேமராவும் வைத்திருப்பவர்களை மனத்தில் கொண்டு எழுதியது இது.

முதல் இலக்கு

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் எச்டி 189733பி-யைத்தான் தேடிப் போகிறார்கள். புகழ்பெற்ற கோள், 2.4 சதவீதக் குழி, விண்மீனும் 7.7 பருமன் பிரகாசம் (பருமன் எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்). அந்தப் பிரகாசமே தொல்லை. இலக்கின் வெளிச்சத்தை ஒப்பிட்டு அளக்க, அதே வெளிச்சமுள்ள ஒப்பு விண்மீன் படத்துக்குள் அகப்படாது. சில விநாடிக்கு மேல் ஒளி வாங்கினால் பிக்சல் நிரம்பிவிடும். அது நடு இரவில் உச்சிக்கு வருவதும் ஆடி மாதத்தில். அப்போது மாலை மேகத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்.

செட்டிநாட்டுக்குப் பொருத்தமான கோள் வாஸ்ப்-43பி. சிம்மத்துக்குத் தெற்கே இருக்கிறது, விண்மீன் 12.4 பருமன், குழி 2.5 சதவீதம், கடப்பு சுமார் 70 நிமிடம். மாசி, பங்குனியில் வானம் தெளிந்திருக்கும்போது இரவில் வசதியான நேரத்தில், ஏறக்குறைய 70 பாகை உயரத்தில் நிற்கும். கடப்புக்கு முன் ஒரு மணி, பின் ஒரு மணி சேர்த்தால் மூன்றேகால் மணி நேர வேலை. முன்னும் பின்னும் ஒரு மணி வேண்டுமா என்று கேட்டுக் கால் மணியோடு நிறுத்துபவர்கள் உண்டு. குழிக்கு வெளியே சமதளம் எது என்று தெரியாமல் ஆழத்தை அளக்க முடியாது.

தேதியும் நேரமும்

கணிப்பு அட்டவணை உலக நேரத்தில் இருக்கும். 'மார்ச் 3, 20:10' என்று போட்டிருந்தால் நமக்கு அது மார்ச் 4 அதிகாலை 1:40. அதாவது 3-ஆம் தேதி இரவே மாடி ஏற வேண்டும். 4-ஆம் தேதி இரவு ஏறியவர்களுக்கு நேர்க்கோடுதான் கிடைக்கும். வானியலில் நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் ஜூலியன் நாள் எண் நம் மாலை 5:30-க்கு மாறுகிறது. எனவே ஓர் இரவு முழுக்க ஒரே எண்ணுக்குள் அடங்கும். நடுவில் எண் மாறியிருந்தால் கணினியின் நேர மண்டலத்தைச் சரிபாருங்கள்.

அதைவிட நுணுக்கமான பிழை, எந்தக் கடிகாரத்தில் பதிவது என்பதில் வருகிறது. பூமி சூரியனைச் சுற்றுவதால் அதே விண்மீனின் ஒளி ஆண்டின் ஒரு பாதியில் முந்தியும் மறுபாதியில் பிந்தியும் வரும்; வித்தியாசம் இரு பக்கமும் 8 நிமிடம் வரை போகும். இதைக் கழிக்கத்தான் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்கு மாற்றிய நேரம், பிஜேடி. அதிலும் டிடிபி என்ற சீரான கடிகாரத்தில் எழுத வேண்டும். அது உலக நேரத்தைவிட 69.184 விநாடி முன்னே ஓடுகிறது: அணுக் கடிகாரத்துக்கும் உலக நேரத்துக்கும் உள்ள 37 விநாடி வேறுபாடும், நிலையான 32.184 விநாடியும். ஒளி அளக்கும் மென்பொருளான ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே இதைத் தானே செய்யும், ஆனால் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, நேர வகை மூன்றும் சரியாக இருந்தால்தான். 69 விநாடி தள்ளி நிற்கும் முடிவு வந்தால் வேறு காரணம் தேடவே வேண்டாம்.

மின்சாரம் போய் வந்த பிறகு மடிக்கணினிக் கடிகாரம் இணையத்தோடு ஒத்துப்போனதா என்றும் பாருங்கள். பதிவைத் தொடங்குமுன் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை.

சுற்றுக்காலத்தை முழுமையாக்கி எழுதுவது இன்னொரு பழக்கம். வாஸ்ப்-43பி-யின் சுற்றுக்காலம் 0.81347 நாள். அதை 0.8135 என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 விநாடி பிசகும். ஆண்டுக்கு 449 சுற்று. பிசகு கால் மணி நேரம். ஐந்தாண்டில் ஒன்றேகால் மணி, கடப்பின் மொத்த நீளத்தைவிட அதிகம். கடன் பேரேட்டில் வட்டி விகிதத்தின் கடைசித் தசமத்தை வெட்டிவிட்டுப் பத்தாண்டுக் கூட்டுவட்டி போட்டதுபோல. பழைய ஆய்வுக் கட்டுரையின் எண்ணை எடுக்காமல் எக்ஸோகிளாக் போன்ற திட்டங்கள் புதுப்பித்துத் தரும் எண்ணை எடுங்கள். ஐந்து சுற்று என்பது 4 நாளும் 1 மணி 37 நிமிடமும். ஒருநாள் இரவு 9 மணிக்குக் கண்டால் நான்காம் நாள் இரவு 10:37-க்கு மறுபடி கிடைக்கும். திட்டமிட இது உதவும்.

மாடியும் கருவியும்

காரைக்குடி 10 பாகை வடக்கில் இருக்கிறது. துருவ விண்மீன் தொடுவானத்திலிருந்து 10 பாகைதான் மேலே. கைப்பிடிச் சுவரோ பக்கத்து வீட்டுத் தென்னையோ மறைத்துவிடும். அது தெரியாதபோது வடக்கை உத்தேசமாக வைத்துவிட்டு, மீதியை ஆட்டோகைடர் (விண்மீனைத் தொடர்ந்து பிடித்துத் தொலைநோக்கியைத் திருத்தும் கருவி) பார்த்துக்கொள்ளும் என்று விடுகிறார்கள். ஆட்டோகைடர் ஒரு விண்மீனைத்தான் பிடித்து நிறுத்தும். அச்சு பிசகினால் அதைச் சுற்றி மொத்தப் படமும் மெல்லச் சுழலும். மூன்று மணி நேரத்தில் ஓரத்து விண்மீன்கள் பல பிக்சல் நகர்ந்து தூசி நிழலுக்குள் போய்விடும். விண்மீன் நகர்வதைப் பார்த்துத் திருத்தும் ட்ரிஃப்ட் முறையிலோ, படத்தை வைத்துத் திருத்தும் மென்பொருளாலோ அச்சைச் சரிசெய்யுங்கள். இன்னொன்று: பல ஜெர்மன் வகை மவுன்ட்களில் (தொலைநோக்கியைத் தாங்கிச் சுழற்றும் பீடங்களில்) இவ்வளவு தாழ்ந்த கோணத்துக்கு இறக்கும்போது எதிர்எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். இரவில் இடித்தால் பதிவு போயிற்று. பகலிலேயே முழுச் சுற்றும் சுழற்றிப் பாருங்கள்.

பழைய வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் தளத்துக்கு அடியில் மரக்கட்டைகள் இருக்கின்றன. தளத்தின் நடுவில் முக்காலியை வைத்துவிட்டுப் பக்கத்தில் நடந்தால் விண்மீன் துள்ளும். கால்கள் சுவரின் மேல் விழும்படி வையுங்கள். பதிவு ஓடும்போது கீழே இறங்கிவிடுங்கள். செங்கலும் சுண்ணாம்பும் பகலில் வாங்கிய சூட்டை நெடுநேரம் விடும், அதனால் முன்னிரவில் விண்மீன் உருவம் வீங்கும். முற்றத்தில் வைத்தால் சூடு குறைவுதான், ஆனால் வானம் ஒரு சதுரமாகச் சுருங்கி மூன்றேகால் மணி நேரம் தொடர முடியாமல் போகும். மாடியே மேல். ஏசி அறையிலிருந்து நேரே வெளியே கொண்டுவந்தால் கண்ணாடி வியர்க்கும். இரண்டு மணி நேரம் முன்பே வெளியே வைத்து, பனிப்பட்டையைத் தொடக்கத்திலிருந்தே சூடாக்குங்கள். பனி மெல்லப் படியும்போது வரும் குழி, கோள் தரும் குழியைப் போலவே இருக்கும், கண்ணால் பிரிக்க முடியாது.

கேமராவை மைனஸ் 10 பாகைக்குக் குளிர்விக்கச் சொல்லிவிட்டுச் சித்திரை இரவில் உட்காராதீர்கள். வெளியே 29 பாகை இருக்கையில் 30, 35 பாகை மட்டுமே இறக்கக்கூடிய குளிரூட்டி முழு சக்தியில் திணறும். வெப்பநிலை ஆடும், டார்க் படங்கள் (மூடியைப் போட்டு எடுக்கும் இருட்டுப் படங்கள்) பொருந்தாது. 0 பாகை போதும்.

ஒளி அளவு

விண்மீனைக் கூர்மையாகக் குவிப்பது இங்கே தவறு. ஒளி சில பிக்சலுக்குள் அடங்கினால் அவை நிரம்பும். நகரும்போது ஒவ்வொரு பிக்சலின் குணமும் வரைபடத்தில் ஏறும். விண்மீன் 8 முதல் 12 பிக்சல் அகலமாகும்படி சற்றே குவியம் தளர்த்துங்கள். 65,535 வரை எண்ணும் கேமராவில் உச்ச எண் 30,000 முதல் 40,000-க்குள் இருக்கட்டும். விண்மீன் தாழ்வாக இருக்கும்போது இந்த அளவை வைத்துவிட்டால் அது மேலே ஏற ஏறப் பிரகாசம் கூடி நிரம்பிவிடும். இரவின் உச்சி நேரத்தில் எப்படி இருக்கும் என்று கணக்கிட்டுத்தான் ஒளி வாங்கும் நேரத்தை முடிவு செய்ய வேண்டும். நடுவில் மாற்றக் கூடாது.

பத்து விநாடிப் படங்களை நூற்றுக்கணக்கில் எடுத்தால் துல்லியம் கூடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். காற்று மினுக்கம் நம் உயரத்தில் 20 செ.மீ. தொலைநோக்கிக்கு 60 விநாடிப் படத்தில் உச்சியில் ஆயிரத்தில் ஒன்று. 30 பாகை உயரத்துக்கு இறங்கினால் ஆயிரத்தில் நான்கை நெருங்கும். அதற்குக் கீழே அளக்காமல் விடுங்கள்.

தூசி நிழலையும் பிக்சல் வேறுபாட்டையும் திருத்தச் சீரான வெளிச்சத்தில் எடுக்கும் பிளாட் படங்களில்தான் அதிகம் அவசரப்படுகிறோம். இங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால் அந்தி வேகமாகக் கறுக்கும். வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்துக் குழாயின் வாயில் இழுத்துக் கட்டி வானுச்சியைப் பார்த்து எடுங்கள். 30 படமாவது வேண்டும். (கண்டாங்கி வேண்டாம், நிறமும் கட்டமும் கூடாது.) பிளாட் எடுத்தபின் கேமராவைக் கழற்றினாலோ குவியத்தை மாற்றினாலோ அந்தப் பிளாட் செல்லாது.

ஒப்பு விண்மீன் விஷயம் வாஸ்ப்-43-இல் நன்றாகத் தெரியும். அது கே வகை ஆரஞ்சுக் குள்ளன். படத்தில் அகப்படும் மற்றவை அதைவிட நீலமானவையாக இருக்கும். விண்மீன் சாயச் சாய, காற்று நீல ஒளியை அதிகம் விழுங்கும். ஒப்பு விண்மீன்கள் வேகமாக மங்க, நம் இலக்கு பிரகாசமாவதுபோலத் தோன்றி வளைவு சாயும். சிவப்பு வடிகட்டி போட்டால் இது பெருமளவு குறையும். ஒன்றை மட்டும் நம்பாமல் நான்கைந்து ஒப்பு விண்மீன்கள் எடுத்து, ஒவ்வொன்றையும் மற்றவற்றோடு ஒப்பிட்டு, தானே ஒளி மாறும் ஆள் யாரேனும் உள்ளே இருந்தால் தூக்கிவிடுங்கள்.

உச்சிக்கோட்டைத் தாண்டும்போது தொலைநோக்கியைத் திருப்ப வேண்டியிருக்கும். படம் தலைகீழாகி எல்லா விண்மீனும் வேறு பிக்சலில் உட்காரும். வரைபடத்தில் ஒரு படி விழும். அந்தப் படி கடப்பின் தொடக்கத்தோடு சேர்ந்துவிட்டால் பொருத்தும் மென்பொருள் அதையும் கோளின் கணக்கில் எழுதிவிடும். திருப்பத்தைச் சமதளத்தில் வையுங்கள், முன்பாதிக்கும் பின்பாதிக்கும் தனித்தனி மட்டம் கொடுங்கள். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: காற்றுத்தடிமன், விண்மீன் அகலம், இடநகர்வு, வானப் பின்னணி என்று கிடைத்த அத்தனை காரணிகளையும் திருத்தத்தில் சேர்ப்பது. வளைவு அழகாக வரும், குழியின் ஆழமும் அதோடு போய்விடும். ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

குழி கிடைத்துவிட்டது, கோள் கிடைத்ததா?

கோள் கடப்புகளைத் தேடும் டெஸ் விண்கலத்தின் ஒரு பிக்சல் 21 விகலை (ஒரு விகலை, பாகையின் 3,600-இல் ஒரு பங்கு) அகலம். அதற்குள் பல விண்மீன்கள் ஒளிந்திருக்கும். பிரகாசத்தில் நூறில் ஒரு பங்கே உள்ள பக்கத்து விண்மீன் ஒன்று தன் இணையால் முழுக்க மறைக்கப்பட்டால் மொத்த வெளிச்சத்தில் ஏறத்தாழ 1 சதவீதம் குறையும். வியாழன் கடந்ததாகவே தோன்றும். மாடித் தொலைநோக்கி உண்மையில் பயன்படும் இடம் இதுதான். நம் பிக்சல் ஓரிரு விகலைதான் என்பதால், எந்த விண்மீன் மங்குகிறது என்று பிரித்துச் சொல்லலாம். இலக்கை மட்டும் அளந்துவிட்டு நிறுத்துவது பெரிய வீண், சுற்றிலும் 2.5 கலைக்குள் (ஒரு கலை 60 விகலை) இருக்கும் அத்தனை விண்மீனையும் அளந்து அனுப்புங்கள். இலக்கில் குழி இல்லை என்ற முடிவும் முடிவுதான்.

கெப்ளர் விண்கலத்தின் பட்டியலில் 400 நாளுக்குட்பட்ட சுற்றுக்காலம் கொண்ட பெரிய கோள் வேட்பாளர்களை நிறமாலைமானியால் சோதித்தபோது பாதிக்கு மேல் கோள்கள் அல்ல என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. குழி அடிமட்டம் இல்லாமல் கூம்பாக இருக்கிறதா, ஒற்றைப்படைக் கடப்பும் இரட்டைப்படைக் கடப்பும் வேறு வேறு ஆழமா, நீலத்திலும் சிவப்பிலும் ஆழம் பெரிதும் மாறுகிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒன்று ஆம் என்றால் இரட்டை விண்மீனைச் சந்தேகிக்க வேண்டும்.

கடப்பு தருவது ஆரத்தின் விகிதம் மட்டுமே. விண்மீனின் ஆரத்தைத் தப்பாக வைத்தால் கோளும் தப்பு. வாஸ்ப்-43-இன் ஆரம் சூரியனில் மூன்றில் இரண்டு பங்கு. அதைச் சூரியன் அளவு என்று எடுத்துக்கொண்டால் 1.04 வியாழன் ஆரமுள்ள கோள் ஒன்றரை மடங்காக ஊதிவிடும். ஆரத்தில் 10 சதவீதப் பிழை அடர்த்தியில் 30 சதவீதமாகும். ஒளியைக் கூட்டும் அளவு வட்டத்துக்குள் சம வெளிச்சமுள்ள இன்னொரு விண்மீன் ஒளிந்திருந்தால் ஆழம் பாதியாகி, ஆரம் 1.4 மடங்கு குறைவாகத் தெரியும்.

நிறை பற்றி ஆரம் எதுவும் சொல்லாது. மவுன்ட் அபுவில் உள்ள பாரஸ் நிறமாலைமானி அளந்த டிஓஐ-4603பி-யின் ஆரமும் 1.04 வியாழன்தான். ஆனால் வாஸ்ப்-43பி 2 வியாழன் நிறை. டிஓஐ-4603பி-யோ ஏறக்குறைய 13, கோளுக்கும் விண்மீனுக்கும் இடைப்பட்ட பழுப்புக் குள்ளனின் வாசலில் நிற்கிறது. இபிஎல்எம் ஜே0555-57ஏபி என்ற குட்டி விண்மீன் சனியைவிடச் சற்றே பெரியது. நிறை 85 வியாழன். ஆரத்திசை வேகம் (விண்மீன் நம்மை நோக்கியும் விலகியும் ஆடும் வேகம்) அளக்கும்வரை 'வேட்பாளர்' என்றுதான் எழுத வேண்டும். வாஸ்ப்-43பி தன் விண்மீனை விநாடிக்கு 550 மீட்டர் வேகத்தில் ஆட்டுகிறது. அதை அளப்பது மாடி வேலையல்ல.

வளிமண்டலமும் அப்படியே. இரண்டு வடிகட்டிகளில் ஆழம் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினால் அது நம் பிழை. விண்மீனை ஒட்டிச் சுற்றும் 'சூடான வியாழன்'களின் வளிமண்டலம் தரும் வேறுபாடு பத்தாயிரத்தில் சில பங்குதான். விண்மீனின் கரும்புள்ளிகளும் அதே அளவு ஏமாற்றும். கடப்பின் நடுவே சின்ன மேடு வந்தால் கெட்ட புள்ளி என்று அழிக்காதீர்கள், கோள் ஒரு கரும்புள்ளியைத் தாண்டியிருக்கலாம்.

வாஸ்ப்-12பி என்ற கோளின் சுற்றுக்காலம் ஆண்டுக்கு ஏறத்தாழ 29 மில்லிவிநாடி குறைந்துவருவது உறுதியாகிவிட்டது. வாஸ்ப்-43பி-யும் அப்படிச் சுருங்குகிறது என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். பிந்தைய அளவுகள் அதை ஏற்கவில்லை. இந்த அளவு வித்தியாசத்தைப் பிடிக்கப் பல மாடிகளின் பல ஆண்டு நேரக்குறிப்புகள் வேண்டும். எனவே முடிவோடு பிழை அளவு, வடிகட்டி, ஒளி வாங்கிய நேரம், எந்தக் கடிகாரம், எந்த ஒப்பு விண்மீன்கள் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். திருத்தாத மூலப் படங்களை டார்க், பிளாட்டோடு ஒரு வன்தட்டில் போட்டு வையுங்கள். ஒப்பு விண்மீனே ஒளி மாறுவது என்று பிறகு தெரிந்தால் மறுபடி அளக்க அவைதான் இருக்கும்.